விண்மீன் ஒளியைச் சிவக்கவைக்கும் தூசு: கொழும்பிலிருந்து ஒரு வரைபடம் தயாரிக்கும் முழு வழிகாட்டி

மாலை ஆறு மணிக்குக் காலிமுகத்திடலில் நின்று கடலைப் பாருங்கள். நடுப்பகலில் கண்ணைக் கூசவைத்த அதே சூரியன் செம்பழமாகத் தொங்குகிறது. சூரியன் மாறவில்லை. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி பல மடங்கு தடித்த காற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியில் நீலம் சிதறிப்போகிறது, சிவப்பு தப்பி நம்மிடம் வருகிறது. விண்மீன்களுக்கும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. நமக்கும் அவற்றுக்கும் இடையே பால்வீதியில் நுண்ணிய தூசு மிதக்கிறது. அதைக் கடந்து வரும் ஒளி மங்குகிறது, மங்கும்போதே சிவக்கிறது.

காற்று எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தூசு அப்படியல்ல. ஒரு திசையில் திரைபோலத் தடித்தும், பத்துப் பாகை தள்ளினால் ஏறத்தாழ இல்லாமலும் கிடக்கிறது. ஆகவே அதை வானம் முழுவதும் அளந்து வரைந்தால்தான் எந்த விண்மீனின் உண்மையான பிரகாசத்தையும் தூரத்தையும் நம்ப முடியும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் பழைய மடிகணினி ஒன்றையும் இணைய இணைப்பையும் வைத்துக்கொண்டு வெள்ளவத்தை அறையொன்றில் இருந்தபடியே இத்தகைய வரைபடம் ஒன்றை ஆக்கலாம். நான் செய்திருக்கிறேன். செய்த வழியையும், முதல் முறை தவறிய இடத்தையும் முழுமையாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

தூசினால் வரும் செம்மையும் அண்டம் விரிவதால் வரும் செம்பெயர்ச்சியும் வேறு வேறு. செம்பெயர்ச்சியில் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்கின்றன. தூசு எந்தக் கோட்டையும் நகர்த்துவதில்லை. நீலப் பக்கத்தை அதிகமாகவும் சிவப்புப் பக்கத்தைக் குறைவாகவும் குறைக்கிறது, அவ்வளவுதான். தூசுத் துகள்கள் ஏறத்தாழ ஒரு மைக்குரோமீற்றரின் பத்திலொரு பங்கு அளவுள்ள சிலிக்கேற்றுகளும் கரியும். அவை ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க பருமன் உள்ளவை. அதனால், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறும் காற்று மூலக்கூற்றுச் சிதறலைப் போல அவ்வளவு கடுமையாக இல்லாமல், தூசின் விளைவு மெதுவாகவே அலைநீளத்தோடு குறைகிறது.

இதை அளக்க வானியலாளர் இரண்டு நிறவடிகட்டிகளில் விண்மீனின் பொலிவெண்ணை, அதாவது ஒளி மங்க மங்கக் கூடும் பிரகாச எண்ணை, எடுத்துக் கழிக்கிறார்கள். நீலத்துக்கான பி பட்டையையும் மஞ்சட் பச்சைக்கான வி பட்டையையும் எடுத்தால், அந்த வேறுபாடு நிறச்சுட்டெண். வேகா போன்ற வெண்ணிற விண்மீனுக்கு அது 0. சூரியனுக்குச் சுமார் 0.65. வேகாவின் அதே வகையைச் சேர்ந்த வேறொரு விண்மீனை அளக்கும்போது 0.60 வந்தால், அந்த 0.60 முழுவதும் தூசின் வேலை. இதற்கு நிறமிகை என்று பெயர். நிறமிகையைச் சராசரியாக 3.1 ஆல் பெருக்கினால் வி பட்டையில் ஒளி எத்தனை பொலிவெண் மங்கியது என்பது கிடைக்கும்: 1.86. பொலிவெண் மடக்கை அளவு என்பதால், நம்மை அடைந்தது புறப்பட்ட ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதம் மட்டுமே. இதைக் கவனிக்காமல் தூரம் கணித்தால் விண்மீன் உண்மையைவிட 2.4 மடங்கு தொலைவில் இருப்பதாக விடை வரும்.

இப்பிழையைப் பிடித்தவர் லிக் வானாய்வகத்தில் பணிபுரிந்த ராபர்ட் டிரம்ப்ளர். 1930 இல் அவர் திறந்த விண்மீன் கொத்துகளின் தூரத்தைப் பிரகாசத்தைக் கொண்டு கணித்தார். அத்தூரத்தில் அவை எவ்வளவு பெரியனவாக இருக்க வேண்டும் என்றும் பார்த்தார். தொலைவில் உள்ள கொத்துகள் எல்லாம் அருகில் உள்ளவற்றைவிடப் பருத்தவையாக வந்தன. பூமியிலிருந்து விலக விலகக் கொத்துகள் பருக்க வேண்டும் என்று இயற்கைக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ஒளி வழியில் மங்குவதால் தூரங்கள் மிகைப்பட்டுவிட்டன என்பதே சரியான விளக்கம். வானியலில் நான் மிகவும் மதிக்கும் வாதங்களுள் இது ஒன்று. புதுக் கருவி எதுவும் இல்லை. இரண்டு அளவுகள் ஒத்துவரவில்லை என்பதை நேர்மையாக எதிர்கொண்டதுதான் அதன் வலிமை.

எந்தப் பரப்பை வரைவது

முழு வானத்தையும் முதலிலேயே எடுக்காதீர்கள். நான் பரிந்துரைப்பது இடபராசித் தூசு முகில். தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு 9 மணியளவில் கொழும்பில் வடக்கு நோக்கி நிமிர்ந்து பார்த்தால், அடிவானத்திலிருந்து 70 பாகைக்கும் மேலே இந்தப் பரப்பு நிற்கும். கார்த்திகைக் கூட்டத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ பத்துப் பாகை, ரோகிணிக்கு வடக்கேயும் ஏறத்தாழ பத்துப் பாகை. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது, நகர வெளிச்சத்தில் இன்னும் தெரியாது. ஆனாலும் வரைவதற்கு முன் ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். பின்னர் திரையில் வரும் எண்கள் எந்த வானத்தைச் சேர்ந்தவை என்பது மனத்தில் நிற்கும்.

இம்முகிலைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. இது சுமார் 140 பார்செக், அதாவது 450 ஒளியாண்டுக்குச் சற்று மேலான தூரத்தில் இருக்கிறது. அருகில் இருப்பதால் முகிலுக்கு முன்னால் நிற்கும் விண்மீன்கள் குறைவு. பால்வீதியின் மையத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால், பின்னால் வேறு தடித்த முகில்கள் அடுக்கடுக்காக வந்து குழப்புவதும் குறைவு. பால்வீதித் தளத்தை அடிக்கோடாகக் கொண்ட பால்வீதி ஆள்கூறுகளில் நெட்டாங்கு 164 முதல் 178 பாகை வரை, அகலாங்கு −20 முதல் −10 வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கருவி

டாப்கேட் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்குங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவான இது, இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட வானியல் அட்டவணைகளைச் சாதாரண கணினியிலும் திறக்கும். இயங்குவதற்கு ஜாவா தேவை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைதன் மொழியில் எல்லாவற்றையும் செய்யலாம்; தெரியாதவர்களும் இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் டாப்கேட்டிலேயே முடிக்கலாம்.

படி 2: செங்கீழ்த் தரவை இறக்குதல்

நாம் பி, வி பட்டைகளைப் பயன்படுத்தப்போவதில்லை. விண்மீன்களின் இயல்பான பி, வி நிறச்சுட்டெண் −0.3 முதல் 1.5 க்கு மேலும் பரந்து கிடக்கிறது. ஒரு விண்மீன் சிவப்பாகத் தெரிந்தால் அது பிறவியிலேயே சிவப்பா, தூசினால் சிவந்ததா என்று தனித்தனியே விசாரிக்க வேண்டிவரும். அகச்சிவப்பு என்றும் அழைக்கப்படும் செங்கீழ் அலைநீளத்தில் நிலைமை வேறு. 1.65 மைக்குரோமீற்றரில் உள்ள எச் பட்டைக்கும் 2.16 இல் உள்ள கே பட்டைக்கும் இடையிலான நிறச்சுட்டெண், பெரும்பாலான விண்மீன்களுக்கு 0 இலிருந்து 0.3 வரையான குறுகிய இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே நிற உடையில் வந்தால், சேறு பட்டவர் யார் என்று உடனே தெரியும் அல்லவா?

1994 இல் சார்ல்ஸ் லாடாவும் உடன் ஆய்வாளர்களும் இந்த எண்ணத்தை ஒரு முறையாக்கினார்கள். அதற்கு ஏற்ற தரவு 2மாஸ் அளவீடு. அரிசோனாவிலும் சிலியிலும் இருந்த 1.3 மீற்றர்த் தொலைகாட்டிகள் இரண்டு 1997 முதல் 2001 வரை முழு வானத்தையும் ஜே, எச், கே பட்டைகளில் படமெடுத்தன. 47 கோடிப் புள்ளி மூலங்கள் பட்டியலாகின.

டாப்கேட்டின் உள்ளிருந்தே ஸ்திராஸ்பூர்க் தரவு மையத்தின் விசியர் சேவையைக் கேட்டு, மேற்சொன்ன பரப்புக்கான 2மாஸ் வரிகளைப் பெறுங்கள். ஒரே மூச்சில் கேட்டால் இணைப்பு அறுந்துபோகக்கூடும். அகலாங்கில் இரண்டு இரண்டு பாகைக் கீற்றுகளாக இறக்கிப் பின்னர் ஒன்றாக இணைப்பது பாதுகாப்பு. எச், கே இரண்டிலும் தரக்குறி ‘ஏ’ உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த மூலம் என்று குறிக்கப்பட்டவை பெரும்பாலும் விண்மீன் பேரடைகள். இயல்பிலேயே சிவந்த அவற்றையும் நீக்குங்கள்.

படி 3: முன்னால் நிற்பவற்றை நீக்குதல்

இந்தப் படியில்தான் என் முதல் வரைபடம் கெட்டது. அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

முகிலுக்கு முன்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளி தூசைக் கடக்கவே இல்லை. அவற்றைக் கணக்கில் சேர்த்தால் தூசு குறைவாகத் தெரியும். தூரம் தெரிந்தால் நீக்கலாம். கயா விண்கலம் அளந்த இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணம், அந்தத் தூரத்தைத் தருகிறது. மில்லி வில்செக்கனில் உள்ள இடமாறு தோற்றத்தால் 1000 ஐ வகுத்தால் பார்செக்கில் தூரம். 140 பார்செக்குக்குச் சுமார் 7.1 வரும். கயாவின் மூன்றாம் வெளியீடு 2022 ஜூனில் வந்தது, இலவசமாகக் கிடைக்கிறது.

நான் என்ன செய்தேன்? 2மாஸ் பட்டியலையும் கயா பட்டியலையும் பொருத்தி, இரண்டிலும் இருக்கும் விண்மீன்களை மட்டும் வைத்துக்கொண்டேன். தூரம் தெரிந்த விண்மீன்கள்தானே நம்பகமானவை என்று நினைத்தேன். வரைபடம் வந்தபோது முகிலின் ஓரங்கள் அழகாக இருந்தன. நடுவில், தூசு மிகத் தடித்திருக்க வேண்டிய இடங்களில், வெறும் ஓட்டைகள். சில பிக்சல்களில் தூசு ஓரத்தைவிடக் குறைவு என்று வேறு காட்டியது. இரண்டு இரவுகள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. கயா பார்ப்பது கட்புலனாகும் ஒளியில். தடித்த தூசுக்குப் பின்னால் உள்ள விண்மீன் கயாவுக்குத் தெரியவே தெரியாது, 2மாஸுக்குத் தெரியும். அந்த விண்மீன்களைத்தான், அதாவது தூசைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய சாட்சிகளைத்தான், நான் பட்டியலிலிருந்து தள்ளியிருந்தேன்.

சரியான வழி இது. டாப்கேட்டில் பொருத்தும்போது, முதற் பட்டியலாக 2மாஸை வைத்து, அதில் உள்ள எல்லா வரிகளையும் தக்கவைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தும் ஆரம் 1 வில்செக்கன். பிறகு, இடமாறு தோற்றம் நம்பகமாக அளக்கப்பட்டு அது 6 மில்லி வில்செக்கனை விட அதிகமாக உள்ளவற்றை, அதாவது முகிலுக்கு முன்னாலும் உள்ளேயும் இருப்பவற்றை, மட்டும் நீக்குங்கள். கயாவில் இணை கிடைக்காத விண்மீன் ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்; அவை ஏறத்தாழ அனைத்தும் முகிலுக்குப் பின்னால் உள்ளவை.

ஒரு விலக்கு உண்டு. 2மாஸ் படமெடுத்ததற்கும் கயாவின் நிலைகள் குறிக்கும் 2016 க்கும் இடையே பதினைந்து ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதற்குள் 1 வில்செக்கனுக்கு மேல் நகர்ந்திருக்கலாம். அது இணை கிடைக்காததுபோல் நடிக்கும். கயாவின் சுய இயக்க எண்களைக் கொண்டு நிலைகளைப் பின்னோக்கி 2000 ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினால் இது தீரும்.

படி 4: ஏமாற்றும் இளம் விண்மீன்கள்

இடபராசி முகில் விண்மீன்கள் பிறக்கும் இடம். பிறந்து சில மில்லியன் ஆண்டுகளேயான விண்மீன்களைச் சுற்றிச் சூடான வட்டுகள் உண்டு. அவ்வட்டுகள் கே பட்டையில் தாமே ஒளிர்ந்து விண்மீனைச் சிவப்பாகக் காட்டும். ஜே கழித்தல் எச் என்பதை நிலைக்குத்து அச்சிலும், எச் கழித்தல் கே என்பதைக் கிடை அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இடுங்கள். சாதாரண விண்மீன்கள் தூசினால் சிவக்கும்போது ஏறத்தாழ 1.7 சாய்வுள்ள பட்டையொன்றின் வழியே மேல்நோக்கி நகரும். அப்பட்டைக்கு வலப்புறம் தெறித்து நிற்பவை வட்டுள்ளவை. நீக்குங்கள்.

படி 5: இயல்பு நிறத்தைத் தீர்மானித்தல்

தூசு இல்லாத இடத்தில் இதே வகை விண்மீன்கள் என்ன நிறத்தில் இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்குச் சுட்டுப் பரப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பால்வீதித் தளத்திலிருந்து ஏறத்தாழ அதே விலகலில், ஆனால் தூசு குறைவாக. தளத்தின் மறுபக்கத்தில் அகலாங்கு +15 ஐச் சுற்றித் தேடலாம். கால்டெக்கின் ஐபேக் மையம் நடத்தும் இணையத் தூசுச் சேவையில் ஆள்கூறுகளைக் கொடுத்தால் நிறமிகை வரும். மிகக் குறைந்த இடத்தை எடுங்கள். முற்றாகத் தூசற்ற இடம் கிடைக்காது. அங்கே நிறமிகை 0.1 என்றால் அது எச், கே நிறத்தில் சுமார் 0.02 ஆகத் தோன்றும். அந்தச் சிறு எண்ணைக் கழித்துத் திருத்திக்கொள்ளுங்கள். சுட்டுப் பரப்புத் தரவுக்கும் முன்சொன்ன வடிகட்டல்கள் அத்தனையையும் அப்படியே செய்ய வேண்டும்.

படி 6: வரைபடம்

வானத்தைச் சம பரப்புள்ள துண்டுகளாகப் பிரிக்க ஹீல்பிக்ஸ் என்ற முறை இருக்கிறது. டாப்கேட் அதை உள்ளே வைத்திருக்கிறது. எட்டாம் மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முழு வானமும் 7,86,432 துண்டுகளாகும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 வில்நிமிட அகலம். நிலவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு துண்டிலும் உள்ள விண்மீன்களின் எச் கழித்தல் கே நிறத்தின் இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள். சராசரியான இடையை எடுக்காதீர்கள், தப்பிவந்த ஓர் இளம் விண்மீனோ ஒரு பேரடையோ இடையைக் கெடுத்துவிடும், இடையத்தை அவ்வளவு எளிதில் அசைக்காது.

அதிலிருந்து சுட்டுப் பரப்பின் நிறத்தைக் கழித்து, வருவதை 15.9 ஆல் பெருக்குங்கள். வி பட்டை மங்கல் கிடைக்கும். ஒரு துண்டைக் கையால் செய்து பார்ப்போம். சுட்டுப் பரப்பில் 0.15, துண்டில் 0.45 என்றால் நிறமிகை 0.30, மங்கல் 4.8. அத்துண்டுக்குப் பின்னால் உள்ள விண்மீனின் மஞ்சட் பச்சை ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கே நம்மை அடைகிறது. அதே விண்மீனின் கே பட்டை ஒளியில் 61 பங்கு தப்பிவருகிறது. மூன்றாம் படியில் நான் இழந்த விண்மீன்கள் எங்கே போயின என்பதற்கு இந்த இரண்டு எண்களே விளக்கம்.

படி 7: எவ்வளவு நம்பலாம்

ஒவ்வொரு துண்டுக்கும் விண்மீன் எண்ணிக்கையையும் வரைபடமாக்கி அருகில் வையுங்கள். நிறச் சிதறல் 0.1 ஆகவும் விண்மீன்கள் 25 ஆகவும் இருந்தால் நிறத்தின் பிழை சுமார் 0.02, மங்கலில் 0.3 பொலிவெண். பத்துக்குக் குறைவான விண்மீன்கள் உள்ள துண்டுகளுக்கு எண் கொடுக்காமல் சாம்பல் நிறமிடுங்கள்.

எண்ணிக்கை சொல்லாத இன்னொரு பிழையும் இருக்கிறது. ஒரு துண்டில் பாதி தடித்தும் பாதி மெல்லியதாகவும் இருந்தால், நாம் காணும் விண்மீன்கள் மெல்லிய பாதியில்தான் அதிகம் இருக்கும். தடித்த பாதி தன் சாட்சிகளைத் தானே விழுங்கிவிடுகிறது. ஆகையால் முகிலின் மிகக் கறுத்த கருக்களில் நம் எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவு. அந்த இடங்களைக் ‘குறைந்தபட்சம்’ என்றே குறிக்க வேண்டும்.

படி 8: தூசின் வெப்ப ஒளியோடு ஒப்பிடுதல்

தூசு விண்மீன் ஒளியை விழுங்கிச் சூடாகி, தொலைச் செங்கீழில் ஒளிர்கிறது. ஐராஸ், கோபே விண்கலங்கள் அளந்த இந்த வெப்ப ஒளியைக் கொண்டு ஸ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் 1998 இல் முழு வானத்துக்கும் 6 வில்நிமிடத் தெளிவில் ஒரு செம்மை வரைபடம் ஆக்கினார்கள். இன்றும் அதிகம் பயன்படுவது இதுதான். 2011 இல் ஸ்லாஃப்லியும் ஃபிங்க்பைனரும் விண்மீன் நிறமாலைகளோடு ஒப்பிட்டு, அதன் எண்களை 0.86 ஆல் பெருக்க வேண்டும் என்று காட்டினார்கள்.

உங்கள் வரைபடத்தை இதோடு ஒப்பிடும்போது உங்கள் எண்கள் குறைவாக வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். இதே இடபராசி முகிலில் அந்த வரைபடம் மங்கலை 1.3 முதல் 1.5 மடங்கு மிகைப்படுத்துகிறது என்று ஆர்சேயும் குட்மனும் 1999 இல் கண்டறிந்தார்கள். வெப்ப ஒளியிலிருந்து தூசின் அளவைப் பெற அதன் வெப்பநிலையை ஊகிக்க வேண்டும். தடித்த முகிலின் குளிர்ந்த உட்புறத்தில் அந்த ஊகம் தடுமாறுகிறது. விண்மீன்களின் நிறத்தில் வெப்பநிலைக்கு வேலையே இல்லை. ஒப்பீட்டில் நான் பார்ப்பது எண்களின் ஒற்றுமையை அல்ல, வடிவத்தின் ஒற்றுமையை. இழைகளும் முடிச்சுகளும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் உங்கள் வேலை சரி.

தூசை அளப்பது சில்லறை வேலை என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2014 மார்ச்சில் தென்துருவத்துப் பைசெப்2 தொலைகாட்டிக் குழு, அண்டத்தின் தொடக்க ஈர்ப்பலைகளின் தடம் கிடைத்ததாக அறிவித்தது. பிளாங்க் விண்கலத்தின் தூசுத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தடத்தைத் தூசே விளக்கிவிடும் என்று 2015 தொடக்கத்தில் தெரிந்தது.

படி 9: மூன்றாம் பரிமாணம்

இதுவரை செய்தது தட்டையான படம். கயா தூரம் நம்பகமாக உள்ள விண்மீன்களை மட்டும் எடுத்து, 80 முதல் 120, 120 முதல் 160, 160 முதல் 200, 200 முதல் 400 பார்செக் என்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் நிறமிகையைப் பாருங்கள். 140 ஐ அண்டி அது படிக்கட்டுப் போல ஏறும். அந்த ஏற்றமே முகிலின் தூரம். இங்கே ஓர் எச்சரிக்கை: அருகில் உள்ள கூறுகளில் சிறிய செங்குள்ள விண்மீன்கள் அதிகம், அவற்றின் இயல்பு நிறமே சற்றுச் சிவந்தது. எனவே ஒவ்வொரு கூறுக்கும் சுட்டுப் பரப்பின் அதே தூரக் கூறையே கழிக்க வேண்டும்.

தென்வானத்துக்குப் போகும்போது

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பார்த்தால் இரு துருவங்களை ஒட்டிய சிறு வட்டங்களைத் தவிர வானம் முழுதும் நமக்கு எழுந்து மறைகிறது. ஆனால் பான்ஸ்டார்ஸ் தொலைகாட்டித் தரவில் எழுந்த பேய்ஸ்டார் என்ற புகழ்பெற்ற முப்பரிமாண வரைபடம் −30 பாகை நடுவரை விலக்கத்தோடு, அதாவது வானத்தின் நடுவரைக்கோட்டுக்குத் தெற்கே 30 பாகையோடு, நின்றுவிடுகிறது. வெசாக் மாதத்தில் இரவு 9 மணியளவில் தெற்கே 20 பாகை உயரத்தில் நிற்கும் தென்சிலுவையும், அதன் அருகே பால்வீதியில் ஓட்டை விழுந்ததுபோல் கிடக்கும் கரிமூட்டை முகிலும் அதில் இல்லை. கயா நிறமாலைகளைக் கொண்டு 2024 இல் எடன்ஹோஃபரும் குழுவினரும் வெளியிட்ட வரைபடம் முழு வானத்தையும் 1250 பார்செக் வரை மூடுகிறது. தென்வானத்தில் ஒப்பிட அதையே எடுங்கள்.

கரிமூட்டை பால்வீதித் தளத்திலேயே இருக்கிறது. அதன் பின்னால் இன்னும் பல முகில்கள் வரிசையாக நிற்கின்றன. இடபராசியில் செய்ததுபோல் பின்னால் உள்ள எல்லா விண்மீன்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அவை அனைத்தின் தூசும் ஒரே எண்ணில் கலந்துவிடும். அங்கே ஒன்பதாம் படியிலிருந்து தொடங்குங்கள்: முதலில் 150 முதல் 400 பார்செக் வரையான விண்மீன்கள் மட்டும், நெட்டாங்கு 303 ஐச் சுற்றி ஐந்து பாகைக்குள், எட்டாம் மட்டத்துக்குப் பதில் ஏழாம் மட்டத் துண்டுகளில்.